அரை வேர்க்கடலையும் அறுநூறு படிகளும்

அம்மாவுக்குச் சர்க்கரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் அழைத்துப் போவேன். போன முறை ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்: "வாக்கிங் போறீங்களாம்மா?"

"எங்க சார் நேரம்? காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சா ராத்திரி பத்து மணி வரைக்கும் வேலை சரியா இருக்கு. அதுவே எக்ஸர்சைஸ்தானே?"

டாக்டர் சிரித்தார். "வீட்டு வேலையெல்லாம் கணக்குல வராதும்மா. தினம் அரை மணி நேரம் நடங்க."

அம்மா அதற்குமேல் எதுவும் பேசவில்லை. வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது என் கைக்கடிகாரம் அதிர்ந்தது. ஆயிரத்துச் சொச்சம் அடிகள் நடந்துவிட்டேனாம், இப்படியே தொடர வேண்டுமாம். ஆட்டோவில் வந்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததுதான் அன்று காலை நான் செய்த ஒரே காரியம். காத்திருக்கும் அறையில் மின்விசிறி ஓடவில்லை. அம்மாவின் ஃபைலை வைத்து இருவருக்கும் விசிறிக்கொண்டே இருந்தேன். அந்தக் கையசைவைத்தான் கடிகாரம் நடை என்று எண்ணியிருந்தது.

அம்மாவின் பதினேழு மணி நேரம் கணக்கில் இல்லை. என் விசிறல் கணக்கில் இருக்கிறது. அப்படியானால் இந்தக் கணக்கை யார், எப்போது, எதை அளந்து எழுதினார்கள்? அன்று ராத்திரி தேட ஆரம்பித்தேன். உட்கார்ந்தபடியேதான்.

*

கதை ஒரு பெட்டியில் தொடங்குகிறது. 1890களில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளரும் எட்வர்ட் ரோசா என்ற இயற்பியலாளரும் ஓர் அறையைக் கட்டினார்கள். சுமார் 7 அடி நீளம், 4 அடி அகலம், ஆள் நிற்கும் உயரம். உலோகச் சுவர்கள். உள்ளே ஒரு மனிதனை நாள் கணக்கில் அடைத்து வைப்பார்கள். சின்னத் திறப்பு வழியாகச் சாப்பாடு போகும். அவன் உடலிலிருந்து கிளம்பும் வெப்பத்தைக் குழாயில் ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். தண்ணீர் எவ்வளவு சூடானது என்று பார்த்து, அவன் எவ்வளவு சக்தி செலவழித்தான் என்று கணக்குப் போடுவார்கள். கலோரி என்ற சொல் உணவு மேசைக்கு வந்ததில் இந்தப் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு.

அதுவரை நிலக்கரிக்கும் நீராவி எந்திரத்துக்கும் போட்ட கணக்கை மனித உடலுக்கும் போட முடியும் என்று அட்வாட்டர் காட்டினார். உள்ளே போனது, வெளியே வந்தது, மீதி இருப்பு. மளிகைக் கடை நோட்டு மாதிரி.

அவருடன் வேலை செய்த ஃபிரான்சிஸ் பெனடிக்டுக்கு ஒரு கேள்வி இருந்தது. உட்கார்ந்து யோசிப்பவனுக்கு எவ்வளவு செலவாகிறது? தேர்வு எழுதும் கல்லூரி மாணவர்களையே அந்தப் பெட்டிக்குள் உட்காரவைத்து அளந்தார். பல ஆண்டுகள் கழித்து, 1930இல், பாஸ்டனில் தன் மனைவி கார்னீலியாவுடன் சேர்ந்து அதே கேள்விக்கு மறுபடி வந்தார். இருவரும் ஆட்களை உட்காரவைத்து மனக்கணக்குப் போடச் சொன்னார்கள். கடுமையான பெருக்கல்கள். சக்திச் செலவு மூன்று, நான்கு சதவீதம் கூடியது. அவ்வளவுதான். ஒரு மணி நேரம் மூளையைக் கசக்கிப் பிழிந்தாலும் அதற்கான கூடுதல் செலவை அரை வேர்க்கடலை ஈடுகட்டிவிடும் என்று எழுதினார்கள். கூடவே இன்னொரு ஒப்பீடும் செய்தார்கள். அந்த அறிஞரின் அறையைப் பெருக்கித் துடைக்கும் பணிப்பெண், அவர் ஒரு மணி நேரத்தில் செலவழிக்கும் கூடுதல் சக்தியைச் சில நிமிடங்களிலேயே செலவழித்துவிடுகிறாள்.

எட்டு மணி நேரம் கோடு எழுதிவிட்டு "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்று சொல்கிற ஆள் நான். அந்தச் சோர்வு பொய்யில்லை. ஆனால் அதன் விலை நான்கு வேர்க்கடலை. பக்கத்து அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தவரின் செலவு அதைவிடப் பல மடங்கு. முதல் பேரேட்டில், அதாவது செலவுக் கணக்கில், அம்மா என்னை 1930லேயே ஜெயித்துவிட்டாள்.

ஆனால் டாக்டர் கேட்டது செலவுக் கணக்கை இல்லை. அவர் கேட்ட கணக்கு வேறொரு நகரத்தில், பஸ்ஸில் பிறந்தது.

*

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டனில் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பில் திடீர் திடீரென்று செத்தார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், தொழிலுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்குமா என்று பார்க்கத் தொடங்கினார். லிவர்பூலில் பிறந்து கிளாஸ்கோவில் வளர்ந்தவர்.

அவருக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம் லண்டன் மாநகரின் இரட்டை மாடிப் பேருந்து. அதில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். டிரைவர் தன் ஷிஃப்டில் 90 சதவீத நேரம் உட்கார்ந்தே இருந்தார். கண்டக்டர் பஸ்ஸின் நீளத்துக்கு நடந்து, மாடிக்கு ஏறி, டிக்கெட் கிழித்து, இறங்கி, அடுத்த நிறுத்தத்தில் மறுபடி ஏறினார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள். இரண்டு பேருக்கும் ஒரே நிறுவனம், ஒரே ஊர், ஒரே புகை மண்டிய காற்று. வர்க்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆய்வில் இருந்தவர்கள் 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 ஆண்கள். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தாலும் வயது தள்ளி வந்தது, வந்தவுடன் சாவதும் குறைவாக இருந்தது. மாரிஸ் உடனே அச்சுக்குக் கொடுத்துவிடவில்லை. டிரைவருக்கு லண்டன் போக்குவரத்தில் ஓட்டும் மன அழுத்தம் இருக்கிறதே, அது காரணமாக இருக்கலாமே? அதனால் தபால் துறைக்குப் போனார். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுக்கும் தபால்காரர்கள் ஒரு பக்கம், உட்கார்ந்து வேலை செய்யும் டெலிபோன் ஆபரேட்டர்களும் குமாஸ்தாக்களும் மறு பக்கம். அங்கேயும் அதே கோலம்தான் தெரிந்தது. 1953இல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது.

அந்தக் கண்டக்டர்கள் யாரும் உடற்பயிற்சி செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் டிக்கெட் கொடுத்தார்கள். "தினமும் எக்ஸர்சைஸ் பண்றீங்களா?" என்று கேட்டிருந்தால் பாதிப் பேர் என் அம்மா மாதிரிதான் பதில் சொல்லியிருப்பார்கள். அசைவு இதயத்தைக் காக்கும் என்பதற்கு நவீன மருத்துவத்துக்குக் கிடைத்த முதல் பெரிய சான்று, யாரும் பயிற்சி என்று பெயர் வைக்காத கூலி வேலையிலிருந்து வந்தது.

*

மாரிஸிடம் எனக்குப் பிடித்தது, தன் முடிவைத் தானே சந்தேகித்தது. 1956இல் அவரும் சகாக்களும் ஒரு வேடிக்கையான கட்டுரை எழுதினார்கள். லண்டன் போக்குவரத்து நிறுவனம் ஊழியர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுத்த பதிவேடுகள் இருந்தன. அதிலிருந்து கால்சட்டையின் இடுப்பு அளவுகளை எடுத்தார்கள். டிரைவர்களின் இடுப்பு எல்லா வயதிலும் பெரிதாக இருந்தது, இளம் டிரைவர்களுக்கும்கூட. அப்படியானால் ஓட்டி ஓட்டிப் பருத்தார்களா, அல்லது பருத்தவர்கள் டிரைவர் வேலைக்குப் போனார்களா? படி ஏறியது உடம்பைக் காத்ததா, காப்பாற்றப்பட்ட உடம்புதான் படி ஏறும் வேலையைத் தேர்ந்தெடுத்ததா? ஒரு கால்சட்டை அளவு அவருடைய முடிவில் ஓட்டை போடப் பார்த்தது. அதை அவரே எடுத்து வெளியே வைத்தார்.

அதே 1956இல், ஹூக்ளி நதிக்கரையில் ஒரு சணல் ஆலையில், இதே சங்கதி வேறு திசையிலிருந்து வந்தது. ஊட்டச்சத்து ஆய்வாளர் ழான் மேயரும் அவருடன் வேலை செய்த இந்திய ஆய்வாளர்களும் மேற்கு வங்கத்தில் 213 ஆலைத் தொழிலாளர்களைப் பார்த்தார்கள். உட்கார்ந்து வேலை செய்யும் கடைக்காரர்கள், மேற்பார்வையாளர்கள், குமாஸ்தாக்கள் தொடங்கி மூட்டை சுமப்பவர்கள் வரை. உழைப்பு கூடக்கூடச் சாப்பாடும் கூடியது, அதில் அதிசயம் இல்லை. ஆனால் வரிசையின் அடிமட்டத்தில், அதாவது அசையவே அசையாதவர்களிடம், கோடு திரும்பி மேலே ஏறியது. அவர்கள் கடும் உழைப்பாளிகள் அளவுக்குச் சாப்பிட்டார்கள், எடையும் அதிகமாக இருந்தது. ஒரு அளவுக்குக் கீழே அசைவு போய்விட்டால், இவ்வளவுதான் வேண்டும் என்று சொல்லும் பசியின் கணக்கும் குழம்பிவிடுகிறது என்று மேயர் நினைத்தார்.

சும்மா உட்கார்ந்திருப்பது பூஜ்யம் இல்லை, அது ஒரு கழித்தல் குறி. இந்தச் சந்தேகம் அறிவியலில் பிடிபட இன்னும் நாற்பது வருடம் ஆனது.

*

1960களின் கடைசியில் மாரிஸ் தன் கேள்வியை மேசைக்குக் கொண்டுவந்தார். கண்டக்டர் வேலை இனி அருகிவிடும், எல்லோரும் உட்காரத்தான் போகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே உட்கார்ந்து வேலை செய்யும் அரசு அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தார். 40 முதல் 64 வயதுள்ள 16,882 ஆண்கள். திங்கட்கிழமை காலை, முன்னறிவிப்பு இல்லாமல், ஒரு படிவம் வரும். போன வெள்ளியும் சனியும் என்ன செய்தீர்கள் என்று ஐந்து ஐந்து நிமிடமாக எழுத வேண்டும். தோட்ட வேலை, நடை, வீட்டுப் பழுது, டென்னிஸ், எல்லாம்.

1973இல் வெளிவந்த முடிவு அவரையே யோசிக்க வைத்திருக்கும். மூச்சு வாங்கும் அளவுக்கு ஏதாவது செய்தவர்களுக்கு, அதாவது நீச்சல், ஓட்டம், மண்ணைக் கொத்துவது போன்றவற்றைச் செய்தவர்களுக்கு, இதய நோய் வாய்ப்பு மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். மெதுவான வேலைகளை நாள் முழுக்கச் செய்து கூட்டிக் கூட்டிச் சேர்த்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு தெரியவில்லை. மொத்தச் செலவு முக்கியமில்லை, உச்சம்தான் முக்கியம் என்பது போல ஒரு முடிவு.

பெட்டிக்குள் போட்ட கணக்கும் பஸ்ஸில் போட்ட கணக்கும் பிரியும் இடம் இதுதான். கலோரிக்கு மொத்தம் போதும். ஒரு ரூபாயாக நூறு முறை கொடுத்தாலும் நூறு ரூபாய்தான். இதயம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. வேலை கொஞ்ச நேரமாவது கடினமாக இருந்ததா என்று அது கேட்கிறது. டாக்டரின் "கணக்குல வராது" இந்தப் பரம்பரையில் வந்த வாக்கியம்.

மாரிஸ் தானே ஓட ஆரம்பித்தார். லண்டன் ஹாம்ஸ்டெட் ஹீத் புல்வெளியில் நடுத்தர வயது ஆள் ஒருவர் காரணமில்லாமல் ஓடுவதைப் பார்த்தவர்கள் அவருக்குப் பைத்தியம் என்று நினைத்தார்களாம். 2009இல் இறந்தபோது அவருக்கு வயது 99.

*

இதன் பிறகு நடந்தது வரையறைகளின் வரலாறு. மென்பொருள்காரனாக எனக்கு மிகவும் பழக்கமான பகுதி. எந்த அளவையும் யாரோ ஒருவர் ஓர் இடத்தில் கோடு கிழித்து உருவாக்கியிருப்பார். கோட்டுக்குக் கீழே இருப்பது அளவிலிருந்து மறைந்துவிடும். கொஞ்ச நாளில் அது உலகத்திலேயே இல்லை என்று நம்ப ஆரம்பித்துவிடுவோம்.

முதல் கோடு ஜப்பானில். டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு மறு வருடம், 1965இல், ஒரு கடிகார நிறுவனம் அடிகளை எண்ணும் கருவியைச் சந்தைக்கு விட்டது. அதன் பெயர் மன்போ-கெய், பத்தாயிரம் அடி மீட்டர். வட்டமான எண், கேட்க நன்றாக இருந்தது. என் கடிகாரம் இன்றும் அதைத்தான் இலக்காக வைத்திருக்கிறது. 2019இல் சராசரியாக 72 வயதான 16,741 அமெரிக்கப் பெண்களிடம் பார்த்தபோது, நாளுக்கு 2,700 அடிகள் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களின் மரண விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 வாக்கில் பலன் சமதளமானது.

இரண்டாவது கோடு 1985இல். அமெரிக்காவில் கார்ல் காஸ்பெர்சனும் இரண்டு சகாக்களும் சொற்களைப் பிரித்தார்கள். தசை அசைந்து சக்தி செலவானால் அது உடல் செயல்பாடு. அதில் திட்டமிட்டு, ஒழுங்குபடுத்தி, திரும்பத் திரும்ப, உடல்தகுதிக்காகவே செய்வது மட்டும் உடற்பயிற்சி. நல்ல, தெளிவான பிரிவு. அதன்படி லண்டன் கண்டக்டர் வாழ்நாளில் ஒருநாள்கூட உடற்பயிற்சி செய்யவில்லை. இந்த வரையறையில் உடற்பயிற்சி என்பது உடல் என்ன செய்தது என்பதைப் பொறுத்தது மட்டுமல்ல, எதற்காகச் செய்தது என்பதையும் பொறுத்தது. பக்கெட்டைத் தூக்கினால் வேலை, அதே எடையில் டம்பெல்லைத் தூக்கினால் பயிற்சி.

மூன்றாவது கோடு மெட் என்ற அலகு. சும்மா உட்கார்ந்திருப்பதை 1 என்று வைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் அதில் எத்தனை மடங்கு என்று சொல்வது. 1993இல் பார்பரா ஐன்ஸ்வொர்த் குழு நூற்றுக்கணக்கான வேலைகளை இப்படிப் பட்டியலிட்டது. 3க்கு மேல் போனால் மிதமான உழைப்பு, 6ஐத் தாண்டினால் கடுமை. 2011 பதிப்பில் தரை பெருக்குவது 3.3. சாதாரண நடைக்கு 3.5. அதாவது டாக்டர் சொன்ன நடையும் அம்மா பெருக்குவதும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் அதே பட்டியலில் நின்றுகொண்டு பாத்திரம் கழுவுவது 1.8, சமையல் 2 வாக்கில். அம்மாவின் பதினேழு மணி நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. நேர்மையாகச் சொன்னால் டாக்டரின் பக்கமும் நியாயம் இருக்கிறது.

நான்காவது கோடுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது. 2010இல் உலக சுகாதார நிறுவனம் கொடுத்த வழிகாட்டுதலில், தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் சேர்த்தி என்று இருந்தது. ஆய்வுகளும் அப்படியே வடிகட்டின. என் மொழியில் சொன்னால் ஒரே ஒரு வரி கோடு: பத்து நிமிடத்துக்குக் கீழே இருப்பதைத் தூக்கிப் போடு. வீட்டு வேலையில் எது பத்து நிமிடம் தொடர்ந்து நடக்கிறது? பெருக்கும்போது குக்கர் விசில் அடிக்கும், துவைக்கும்போது காலிங் பெல் அடிக்கும், மாவு ஆட்டும்போது மகனுக்குக் காபி வேண்டும். துண்டு துண்டாக உழைப்பவரின் உழைப்பு முழுவதையும் அந்த ஒரு வரி அழித்துவிட்டது. 2020இல் வந்த புதிய வழிகாட்டுதல் அந்த வரியை எடுத்துவிட்டது. இப்போது ஒவ்வொரு அசைவும் கணக்கில் உண்டு.

*

அப்படியென்றால் உட்கார்ந்தபடி காலாட்டுவதும் கணக்கில் வருமா? என்னைப் போன்றவர்கள் ஆவலோடு கேட்கும் கேள்வி இது.

1999இல் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவினும் சகாக்களும் 16 பேருக்கு எட்டு வாரம், தினமும் தேவைக்கு மேல் 1,000 கலோரி கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு மிகுதி. ஒருவருக்கு 0.36 கிலோ கொழுப்பு ஏறியது, இன்னொருவருக்கு 4.23 கிலோ. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். ஜிம்முக்கு யாரும் போகவில்லை. எடை ஏறாதவர்களின் உடம்பு அவர்களை அறியாமலே அதிகம் அசைந்திருந்தது. எழுந்தார்கள், நெளிந்தார்கள், திரும்பினார்கள். பயிற்சி அல்லாத அசைவின் செலவு என்று இதற்கு ஒரு பெயரே வந்தது. அடுத்த வருடம் அவர்கள் அளந்ததில், அசையாமல் நிற்பது படுத்திருப்பதைவிட 13 சதவீதமே அதிகம் செலவழித்தது. உட்கார்ந்து கைகால் ஆட்டுவது 54 சதவீதம். நின்றபடி வேலை செய்யும் மேசையை இருபதாயிரம் கொடுத்து வாங்கிய நண்பனுக்கு இதை அனுப்பினேன். பதில் இல்லை.

2022இல் ஹூஸ்டனில் மார்க் ஹாமில்டன் குழு, உட்கார்ந்தபடி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் கெண்டைக்காலின் உள்தசை ஒன்று மணிக்கணக்காகச் சர்க்கரையை எரிக்கிறது என்று காட்டியது. ஆய்வுக்கூடத்தில், கொஞ்சப் பேரிடம், கருவி மாட்டிச் சரிபார்த்துச் செய்தது. மறு வாரமே வாட்ஸ்அப்பில் "உட்கார்ந்தே சர்க்கரையை விரட்டுங்கள்" என்று அம்மாவுக்கு வந்துவிட்டது. இடைவெளியில் தொலைந்து போனது அந்த 'மணிக்கணக்காக'.

இதைவிட எளிய ஒன்று எனக்கு நம்பகமாகப் படுகிறது. 2012இல் ஆஸ்திரேலியாவில் டேவிட் டன்ஸ்டன் குழு, அதிக எடையுள்ள 19 பேரை ஐந்து மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டே நிமிடம் மெதுவாக நடந்தாலும், உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை கால்வாசி குறைந்தது. செலவுக் கணக்கில் இது சில வேர்க்கடலைதான். இதயத்தின் உச்சக் கணக்கில் ஒன்றுமே இல்லை. ஆனால் சர்க்கரைக்கு ஒரு மூன்றாவது பேரேடு இருக்கிறது. எவ்வளவு நேரம் தசை தூங்கிக் கிடந்தது என்று அது எழுதிக்கொண்டே இருக்கிறது. நாள் முழுக்க எழுந்து எழுந்து உட்காரும் அம்மாவின் வேலை, அந்தப் பேரேட்டில் வரவு.

*

இங்கே நிறுத்தினால் அம்மாவுக்கு நல்ல செய்தியாக முடிந்திருக்கும். ஆனால் இன்னும் இரண்டு ஆய்வுகள் குறுக்கே நிற்கின்றன.

2007இல் ஆலியா கிரமும் எலன் லாங்கரும் ஏழு ஓட்டல்களில் அறை சுத்தம் செய்யும் 84 பெண்களிடம் போனார்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து அறை அளவுக்குச் சுத்தம் செய்யும் அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், தாங்கள் முறையாக உடற்பயிற்சி செய்வதில்லை என்றார்கள். ஒரு பிரிவிடம் மட்டும், உங்கள் வேலையே நல்ல உடற்பயிற்சிதான் என்று விளக்கினார்கள். நான்கு வாரத்தில் அவர்களுக்கு எடையும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் குறைந்தன, மற்றவர்களுக்கு இல்லை. சின்ன ஆய்வு. தெரிந்துகொண்ட பிறகு அவர்கள் சாப்பாட்டையும் வேலை வேகத்தையும் மாற்றினார்களா என்பது அவர்களே சொன்னதை வைத்துத்தான். பின்னால் வேறொரு குழு செய்து பார்த்தபோது இந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே இதன் மேல் பெரிய மாடி கட்ட மாட்டேன். ஆனால் அந்த மூன்றில் இரண்டு பங்கு என்னை விட்டுப் போகவில்லை. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தவர்கள், தாங்கள் எதுவும் செய்வதில்லை என்று நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கை டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்த அம்மாவின் முகத்தில் இருந்தது.

மற்றொன்று 2021இல் கோபன்ஹேகனில் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழு 1,04,046 பேரிடம் கண்டது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைந்தன. வேலையில் உடம்பை அதிகம் வருத்தியவர்களுக்குக் கூடின. ஏழ்மை, புகை, படிப்பு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசம் நின்றது. முழுக்கக் கழிக்க முடியுமா என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது. அவர்கள் சொல்லும் விளக்கம் இது: பயிற்சி குறுகியது, கடினமானது, பிறகு ஓய்வு உண்டு, நிறுத்தும் உரிமை உங்களிடம் இருக்கிறது. வேலை நீளமானது, மெதுவானது, ஓய்வு கிடையாது, வலித்தாலும் நிறுத்த முடியாது. அசைவு ஒன்றுதான், ஆனால் உடம்புக்குக் கிடைப்பது ஒன்றல்ல.

ஆக, "வீட்டு வேலையே எக்ஸர்சைஸ்தான், தனியா எதுக்கு" என்று சொல்லும் ஆண்கள் ஜாக்கிரதை. அது பாராட்டு மாதிரி கேட்கும். உண்மையில், அம்மா தனக்கென்று வெளியே போகும் அரை மணி நேரத்தை மறுக்கும் வாக்கியம் அது. டாக்டர் சொன்ன நடையில் அம்மாவுக்குக் கிடைப்பது இதயத்துடிப்பு மட்டுமில்லை. யாரும் காபி கேட்காத முப்பது நிமிடம்.

*

கடைசியாக ஒன்று. 2022இல் இமானுவேல் ஸ்டமாடாகிஸ் குழு, தாங்கள் உடற்பயிற்சியே செய்வதில்லை என்று சொன்ன 25,241 பிரிட்டன்காரர்களின் மணிக்கட்டுக் கருவிப் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தது. அவர்களில் பலர் அன்றாடத்தில் ஒன்றிரண்டு நிமிடம், தங்களை அறியாமல், மூச்சு வாங்க ஏதோ செய்திருந்தார்கள். மாடி ஏறுவது, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, பையைத் தூக்கிக்கொண்டு விரைவது. நாளுக்கு மூன்று முறை இப்படி நடந்தவர்களின் மரண வாய்ப்பு, அதுவும் இல்லாதவர்களைவிட 40 சதவீதம் அளவுக்குக் குறைவாக இருந்தது. இது கவனித்து எழுதியதுதான், சோதித்து நிரூபித்ததல்ல. ஆனாலும் படித்ததும் எனக்கு லண்டன் பஸ் ஞாபகம் வந்தது. கண்டக்டர் பத்து நிமிடம் தொடர்ந்து ஏறியிருக்க வாய்ப்பே இல்லை. சில படிகள், ஒரு மூச்சு, ஒரு டிக்கெட். அறுபத்தொன்பது வருடம் கழித்து கணக்கு அவரிடமே திரும்பி வந்திருக்கிறது.

உட்கார்ந்து செய்வது எதுவும் உடற்பயிற்சி ஆகாது என்றுதான் எனக்குப் படுகிறது. என் கோடு எழுதலும் இல்லை, காலாட்டலும் இல்லை, ஃபைல் விசிறலும் இல்லை. ஆனால் 'உடற்பயிற்சி இல்லை' என்பதை 'ஒன்றுமே இல்லை' என்று படிக்கக் கூடாது. செலவு, உச்சம், தூங்காத தசை என்று மூன்று பேரேடுகள் இருக்கும்போது, ஒன்றில் பார்த்த இருப்பை மற்றதற்கும் சொல்வதுதான் நூறு வருடமாக நாம் செய்யும் பிழை. டாக்டர் இரண்டாவதைப் பார்த்துச் சொன்னார். அம்மா முதலாவதைப் பார்த்துச் சொன்னாள். என் கடிகாரம் எதையும் பார்க்காமலே சொன்னது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் விளக்கினேன். துவைத்த துணியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போவது அசல் உடற்பயிற்சிக்குச் சமம், இரண்டு மாடி, ஈரத்துணி எடை வேறு, லண்டனில் நிரூபித்திருக்கிறார்கள் என்றேன். நடையையும் விட்டுவிடக் கூடாது என்றேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப அந்தப் பக்கெட்டை நீ எடுத்துட்டுப் போடா. நாள் பூரா உக்காந்திருக்கறவன் நீதானே. நான் வாக்கிங் போயிட்டு வரேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் பக்கெட்டைத் தூக்கினேன். முதல் மாடித் திருப்பத்திலேயே மூச்சு வாங்கியது. மேலே போய்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பக்கெட் பிடித்திருந்த கை ஆடாததால் அந்தப் படிகளில் பாதியை அது எண்ணவே இல்லை.